கிரயமும் நட்பும்

1

கொங்கு நாட்டில் முன்பின் தெரியாத ஒருவரோடு பேச ஆரம்பித்தால் மூன்றாவது கேள்விக்குள் அவரைத் தெரிந்தவராக்கிவிடுவார்கள். ‘எந்த ஊருங்க?’ முதல் கேள்வி. ‘அங்க யாரு வூடுங்க?’ இரண்டாவது. எதிரே இருப்பவர் கவுண்டர் என்று ஊகித்துவிட்டால் மூன்றாவது, ‘என்ன கூட்டமுங்க?’ பதில் சரியாக அமைந்தால் பத்து நிமிஷத்தில் ஏதோ ஒரு கல்யாணத்தின் வழியாக இருவரும் உறவாகிவிடுவார்கள். பதில் வேறு மாதிரி அமைந்தால், பேச்சில் இருக்கிற ‘ங்க’ குறையாமலே, யார் திண்ணையில் உட்காருவது, யார் வாசலில் நிற்பது என்பது தீர்மானமாகிவிடும். இரண்டில் எது நடந்தாலும் அந்நியன் என்று ஒருவன் மிஞ்சுவதில்லை.

வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு இங்கே பேச்சில் உள்ள சொல் ‘ஒறம்பரை’. வருகிறவர் உறவுக்காரர் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. பழந்தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்று பொருள். வீட்டுக்கு வரும் புதியவனுக்கு அது பெயராயிற்று. புதியவன் என்ற பொருள் தேய்ந்து உறவினன் என்பது அந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததற்குப் பின்னால் நிலம், நீர், பெண் கொடுத்துப் பெண் எடுத்தல் என்று ஒரு நீண்ட சமூக வரலாறு இருக்கிறது. அதை எழுத இது இடமில்லை. தெரியாதவனைத் தெரியாதவனாகவே வைத்துக்கொண்டு அவனோடு சிநேகம் கொள்வதற்கு நம் வாழ்க்கையில் வசதி குறைவு என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன்.

அப்படியென்றால் முன்பின் தெரியாத இருவர் சிநேகிதராகிற கதை நம் சினிமாவுக்கு எங்கிருந்து வந்தது? பதிலைத் தேடிப் போனால் கோயம்புத்தூரின் பழைய சரித்திரத்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது சமீபத்திய சிறிய படம் ஒன்றினால். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2

மதுமிதா இயக்கி 2019 நவம்பரில் வெளியான ‘கே.டி. (எ) கருப்புதுரை’யில் பெரிய நடிகர் எவரும் இல்லை. எண்பது வயதை ஒட்டிய கிழவர் ஒருவர் மாதக்கணக்கில் நினைவின்றிக் கிடக்கிறார். பிள்ளைகள் கூடிப் பேசித் தலைக்கூத்தல் செய்துவிடுவது என்று முடிவு கட்டுகிறார்கள். விடியற்காலையில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் குடிக்கக் கொடுத்து, முதியவரைச் சாகவிடுகிற இந்தப் பழக்கம் தென்மாவட்டங்களில் ரகசியமாக இருந்துவந்தது. பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ படமும் இதைப் பற்றியதுதான். கிழவருக்கு நினைவு திரும்புகிறது. பேச்சு காதில் விழுகிறது. அவர் வீட்டை விட்டுத் தப்பி ஓடுகிறார். போய்ச் சேர்ந்த இடத்தில், கோயிலை அண்டி வாழும் அநாதைச் சிறுவன் ஒருவனைச் சந்திக்கிறார். அவனுக்கு எட்டு வயதிருக்கலாம். செத்துப்போவதற்கு முன் உனக்கு என்னவெல்லாம் ஆசை என்று அவன் கேட்டு, பத்து ஆசைகளைப் பட்டியல் போட்டு, அவற்றை ஒவ்வொன்றாக நிறைவேற்ற இருவரும் கிளம்புகிறார்கள்.

கிழவராக நடித்தவர் மு. ராமசுவாமி. மதுரையில் நிஜ நாடக இயக்கத்தை நடத்தியவர் என்று இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கிரேக்கத்து அண்டிகனியை ‘துர்க்கிர அவலம்’ என்று மேடையேற்றியவர் அவர். செத்த அண்ணனைப் புதைக்க உரிமை கேட்ட தங்கையின் கதை அது. உயிரோடிருக்கும் அப்பனைப் புதைக்க அவசரப்படும் பிள்ளைகளின் கதையில் அதே மனிதர் வந்து நிற்பது எனக்கு வெறும் தற்செயலாகப் படவில்லை. சிறுவனாக வரும் நாகவிஷால் அவருக்குச் சரியான எதிர்த்தரப்பு. அவன் கிழவரிடம் இரக்கம் காட்டுவதில்லை. அதட்டுகிறான், கணக்குக் கேட்கிறான், கேலி செய்கிறான்.

படத்தில் இனிப்பு கொஞ்சம் அதிகம். சாவை எதிரில் வைத்துக்கொண்டு இவ்வளவு வேகமாகச் சிரிக்கவைக்க வேண்டுமா என்று கேட்கலாம். சுயேச்சைப் படம் என்ற சொல்லையும் யோசித்தே பிரயோகிக்க வேண்டும். இதைத் தயாரித்த யூட்லி பிலிம்ஸ், சரிகம கம்பெனியின் சினிமாப் பிரிவு. சரிகம என்பது பழைய கிராமபோன் கம்பெனி. நாய் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் படம் போட்ட இசைத்தட்டுகளை விற்று நம் தாத்தாக்களின் வீடுகளுக்குள் நுழைந்த அதே கம்பெனி. சிறிய படம் என்பது முதலாளி இல்லாத படம் ஆகிவிடாது. நட்சத்திரம் இல்லாத படம், அவ்வளவுதான்.

இருந்தும் படத்தின் அடியில் உறுதியான விஷயம் ஒன்று இருக்கிறது. கிழவரைக் கொல்லத் தீர்மானித்தவர்கள் அவருக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். அவர் ஊர், வீடு, கூட்டம் எல்லாம் அறிந்தவர்கள். தெரிந்தவர்களிடமிருந்து தப்பித்தவனுக்குத்தான் தெரியாதவன் தேவைப்படுகிறான். படத்தின் தலைப்பில் உள்ள ‘கேடி’ போலீஸ் பட்டியலிலிருந்து தமிழுக்கு வந்து சேர்ந்த சொல். தேடப்படுகிறவனுக்கும் நாதியற்றவனுக்கும் நடுவில்தான் இந்தச் சிநேகம் மூளுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு நூற்றுச் சொச்சம் வருஷம் பின்னால் போகலாம்.

3

1905. திருச்சிராப்பள்ளி. தென்னிந்திய ரயில்வேயில் படம் வரையும் பிரிவில் ஒரு குமாஸ்தா. கோயம்புத்தூர்க்காரர். பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1883ல் பிறந்தவர், அப்போது வயது இருபத்திரண்டு. ஊர் ஊராகப் போய்ச் சலனப்படம் காட்டிக்கொண்டிருந்த டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தச் சமயத்தில் திருச்சிக்கு வந்து சேர்கிறார். உடம்புக்கு முடியாமல் போகிறது. கையிலிருக்கும் படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப நினைக்கிறார். சாமிக்கண்ணு வாங்கிக்கொள்கிறார். விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். ரயில்வே குமாஸ்தாவுக்கு அது பல வருஷச் சம்பளம். படச்சுருள்களில் முக்கியமானது ஏசுவின் வாழ்க்கையைக் காட்டுவது. அந்த இளைஞர் வேலையை உதறிவிட்டுக் கருவியோடு கிளம்புகிறார். தென்னிந்தியர் ஒருவர் சொந்தமாகச் சினிமாக் காட்சி நடத்தத் தொடங்கியது இப்படித்தான்.

நம் சினிமா வரலாறுகளில் டுபான்ட் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் வருவதில்லை. முதல் வாக்கியத்தில் நோயாளி. இரண்டாவதில் விற்றுவிட்டுப் போகிறவர். சு. தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் ஆரம்பகாலச் சினிமாவைப் பொறுமையாகத் தோண்டி எடுத்துக் கொடுத்திராவிட்டால் இந்த இரண்டு வாக்கியங்களும்கூட நமக்கு இல்லை.

இங்கே ஒரு சபலம் எழுகிறது. கதையெழுதும் பழக்கமுள்ள யாருக்கும் எழும். ஒரு பக்கம் தாய்நாட்டிலிருந்து இத்தனை தொலைவில் நோயில் விழுந்த வெள்ளைக்காரர். இன்னொரு பக்கம் கோடு போட்டுக் களைத்த கறுப்புக் குமாஸ்தா. மாலை வேளைகளில் கருவியின் திருகுகளை அவர் கழற்றிக் காட்டுகிறார், இவர் கற்றுக்கொள்கிறார். ரயிலடியில் பிரிவு. ஒரு சிறிய படத்துக்கு உண்டான எல்லாம் இதில் இருக்கிறது. பின்னணிக்குக் காவிரிப் பாலம்கூட இருக்கிறது. ஆனால் வரலாறு சொல்வது ஒரு கிரயத்தை, சிநேகத்தை அல்ல. சாமிக்கண்ணுவையும் டுபான்டையும் நண்பர்களாக்குவது நம் ஆசை. ஆசையை வரலாறாக எழுதுவதில் நமக்குக் கூச்சம் இருக்க வேண்டும்.

அதே திருச்சிக்குள் அடங்கிய உறையூரில்தான் நம் இலக்கியத்தின் பிரசித்தமான சிநேகமும் முடிந்தது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் பார்த்தவர்கள் அல்ல. சோழன் வடக்கிருந்தபோது ஆந்தையாருக்கு இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். அவரும் பாண்டிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தார். உணர்ச்சி ஒத்தால் போதும், பழக வேண்டியதில்லை என்பதற்கு உரையாசிரியர்கள் காட்டும் சான்று இது. பெரிய லட்சியம். ஆனால் அந்தச் சிநேகத்தில் யாரும் யாருக்கும் எதையும் விற்கவில்லை. ஒருவன் அரசன், மற்றவர் புலவர். பணம் கைமாறுகிற உலகத்தில், ஒருவருக்கொருவர் எந்த லட்சியமும் இல்லாமல் எதிர்ப்பட்ட இருவரைப் பற்றி அந்தக் கதை நமக்கு ஒன்றும் சொல்லாது. 1905 சொல்லும்.

கிரயம் என்பது கணக்கைத் தீர்க்கிற காரியம். பணத்தை எண்ணிக் கொடுத்துச் சாமானை வாங்கிக்கொண்டால் இருவரும் ஒருவருக்கொருவர் ஒன்றும் பட்டவர்கள் இல்லை. ஆனால் சில கிரயங்களில் மீதி விழுகிறது. டுபான்ட் விற்றது மரமும் பித்தளையும் கண்ணாடியும். சாமிக்கண்ணுவுக்குக் கிடைத்தது ஒரு ஜீவிதம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ரசீதிலும் எழுத முடியாது. அதைத் திருப்பித் தரவும் வழியில்லை, வாங்கிக்கொள்ள வேண்டியவர் கப்பலேறிவிட்ட பிறகு. முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் நட்பு என்று எதையாவது சொல்ல முடியுமானால் அது இந்த மீதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

4

மீதியை யாரிடம் செலுத்துவது? சாமிக்கண்ணு முன்பின் தெரியாத பிறரிடம் செலுத்தினார்.

கூடாரத்தைக் கட்டிக்கொண்டு அவர் போன தூரம் ஆச்சரியமானது. தெற்கே பல ஊர்கள், சென்னை எஸ்பிளனேடு, வடக்கே லாகூர், பெஷாவர் வரை, கடல் தாண்டிப் பர்மா, மலேயா. பாஷை தெரியாத ஊர்களில் பாஷை இல்லாத படத்தைக் காட்டினார். பிறகு ஊர் திரும்பி, 1914ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். தென்னாட்டில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் நிரந்தரச் சினிமாக் கொட்டகை என்று அதைச் சொல்வார்கள். பின்னாளில் அது டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறியது. தெருவுக்கு மட்டும் வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் நிலைத்தது. படம் காட்ட மின்சாரம் வேண்டும் என்று அவர் கொண்டுவந்த எஞ்சின், ஊரில் விளக்கெரிக்கவும் மாவரைக்கவும் அச்சுக்கூடம் ஓட்டவும் வழிகாட்டியது. 1933ல் டி.பி. ராஜலட்சுமி நடித்த ‘வள்ளி திருமணம்’ படத்தைக் கல்கத்தாவில் எடுத்து வெளியிட்டதிலும் அவர் பங்கு உண்டு. 1942ல் காலமானார்.

இந்தச் சாதனைப் பட்டியலைக் கோவைக்காரர்கள் பெருமையோடு ஒப்பிப்பார்கள். நான் கவனிப்பது வேறு ஒன்றை. கொட்டகைக்கு வந்தவர்கள் யார்?

1888ல் ஸ்டேன்ஸ் ஆரம்பித்த நூற்பாலையோடு கோயம்புத்தூர் ஒரு புதிய வகை ஊராக ஆகத் தொடங்கியது. முப்பதுகளில் பைகாரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. பருத்திக் காட்டில் கூலி வேலை செய்தவர்கள், மழை பொய்த்த வானம்பார்த்த பூமிக்காரர்கள், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்தவர்கள், பல ஜாதிக்காரர்கள், மூன்று நான்கு பாஷை பேசுகிறவர்கள் எல்லாம் ஷிப்டுச் சங்கின் கீழ் ஒன்று சேர்ந்தார்கள். தறிக்குப் பக்கத்தில் நிற்பவனிடம் ‘யாரு வூடுங்க’ என்று கேட்டால் பதில் சொல்ல அவனுக்கு வீடே இல்லை. லைன் வீட்டில் ஒரு மூலை இருந்தது. மூன்று கேள்விகள் முதன்முதலாகத் தோற்ற இடம் ஆலை. இரண்டாவது இடம் கொட்டகை.

கா. சிவத்தம்பி 1981ல் எழுதிய ஆய்வில் இதைத் தெளிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார். தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒன்றைப் பார்த்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான். அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, கையிலிருந்த காசு தீர்மானித்தது என்பது அவர் வாதம். தரை, பெஞ்சு, நாற்காலி என்ற வித்தியாசம் இருந்தது. அது சமத்துவம் அல்ல. ஆனால் அந்த வித்தியாசத்துக்கு ஒரு விலை இருந்தது. விலை கொடுத்தால் தாண்டலாம். கோயில் வாசலில் இருந்த வித்தியாசத்துக்கு விலையே இல்லை.

காசை நாம் இழிவாகவே பேசிப் பழகியிருக்கிறோம். நம் மார்க்சிய நண்பர்களும் சரி, ஆன்மிக நண்பர்களும் சரி, இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள். காசு மனித உறவைக் கொல்கிறது என்பது உண்மைதான். ஆனால் பிறப்பு பூட்டிவைத்த கதவைச் சில சமயம் காசு திறந்துவிட்டிருக்கிறது. கூட்டம் எது என்று கேட்காமல் டிக்கெட் எங்கே என்று மட்டும் கேட்ட இடத்தில்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் வெறும் பக்கத்து ஆளாக முடிந்தது. இருட்டில் இருவரும் ஒரே இடத்தில் சிரித்தால் அது அந்த டிக்கெட்டின் விலையில் சேர்ந்ததல்ல. அது மீதி.

5

கோவையில் எடுத்த படங்களில் இந்த மீதியை விஷயமாகவே எடுத்துக்கொண்ட படம் ஒன்று உண்டு. 1950ல் வெளிவந்த ‘ஏழை படும் பாடு’.

முப்பதுகளின் நடுவில் சென்ட்ரல் ஸ்டூடியோ வந்தது. அதன் தொடக்கத்தில் சாமிக்கண்ணுவும் பங்குகொண்டார். அதில் இருந்த எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு பிறகு பிரிந்து பட்சிராஜா ஸ்டூடியோவை நடத்தினார். சென்னைக்கு முந்நூறு மைல் தள்ளி, ஆலை முதலாளிகளின் பணத்திலும் தொழில் புத்தியிலும் வளர்ந்த ஸ்டூடியோக்கள் இவை. சிறிய படம் எதையும் இவர்கள் எடுக்கவில்லை, எடுத்ததெல்லாம் லாபத்துக்காகத்தான். ஆனால் ஸ்ரீராமுலு நாயுடுவின் தயாரிப்பில் கே. ராம்நாத் இயக்கிய இந்தப் படம் விக்டர் ஹ்யூகோவின் நாவலிலிருந்து வந்தது. சுத்தானந்த பாரதியார் தமிழில் கொடுத்த வடிவத்தின் பெயரே படத்துக்கும் பெயர்.

கதை தெரிந்ததுதான். சிறையிலிருந்து வந்த ஒருவனுக்கு யாரும் இடம் கொடுக்க மறுக்கிறார்கள். ஒரு பாதிரியார் கதவைத் திறக்கிறார். இரவில் அவன் அவருடைய வெள்ளிச் சாமான்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். பிடிபட்டு அவர் முன்னால் நிறுத்தப்படுகிறான். அவையெல்லாம் தாமே கொடுத்தவை என்று அவர் சொல்லிவிடுகிறார். நாவலில் விட்டுப்போன வெள்ளி விளக்குத் தண்டுகளையும் எடுத்துக் கொடுக்கிறார். கவனித்துப் பார்த்தால் ஹ்யூகோ இதை வெறும் தானமாக எழுதவில்லை. அந்தப் பாதிரியார் அதை ஒரு கிரயமாகவே பேசுகிறார். வெள்ளியைக் கொடுத்து எதிரே நிற்பவனின் ஆத்மாவை வாங்கிவிட்டதாக அவர் நினைப்பு. இருவரும் மறுபடி சந்திப்பதில்லை. திருப்பிக் கொடுக்க முடியாத அந்தக் கடனை அவன் வாழ்நாள் முழுக்க வேறு யார் யாரிடமோ அடைக்கிறான்: ஒரு தொழிலாளிப் பெண்ணிடம், அவள் குழந்தையிடம், கடைசியில் தன்னைத் துரத்திய போலீஸ் அதிகாரியிடமே.

அந்த அதிகாரிதான் கதையின் மறுமுனை. திருடன் அவரைக் கொல்ல வாய்ப்புக் கிடைத்தும் விட்டுவிடுகிறான். சட்டத்தின் கணக்கு அறிந்தவருக்கு இந்தக் கடனை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை. வரவும் செலவும் சரியாக வராத ஏட்டோடு வாழ முடியாமல் நாவலில் அவர் ஆற்றில் விழுந்து சாகிறார். முன்பின் தெரியாதவனின் அன்பு எல்லாருக்கும் நன்மை செய்யாது. அதை வாங்கிக்கொள்ளத் தெரியாதவனை அது அழித்துவிடும் என்று ஹ்யூகோ பார்த்திருக்கிறார். சிநேகத்தைப் பற்றி எழுதுகிற நம்மவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைத் திருப்புவதில்லை.

படத்தில் திருடன் கந்தனாக வந்தவர் சித்தூர் வி. நாகையா. அதுவரை ‘பக்த போதனா’, ‘தியாகய்யா’ (1946) என்று பக்தர்களாக ஜனங்கள் கும்பிட்ட முகம். இது படத்தின் பலம், பலவீனம் இரண்டும். கொட்டகையில் உட்கார்ந்திருந்த யாரும் அந்த முகத்தைக் கண்டு ஒரு கணமும் பயந்திருக்க முடியாது. பாதிரியார் கதவைத் திறப்பதில் உள்ள ஆபத்து நமக்கு உறைப்பதில்லை; ஒரு மகான் இன்னொரு மகானுக்குச் சோறு போடுகிறார் என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. தெரியாதவனை உண்மையிலேயே தெரியாதவனாகக் காட்ட ராம்நாத்துக்குத் தைரியம் வரவில்லை. அல்லது ஸ்டூடியோவுக்கு வரவில்லை. ‘கே.டி.’யில் மு. ராமசுவாமியின் முகம் பெரும்பாலான ரசிகர்களுக்குப் பரிச்சயமில்லாதது. சிறிய படம் பெரிய படத்தை வெல்கிற இடம் இது ஒன்றுதான் என்றாலும் சாமான்யமான இடமல்ல.

அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு ‘ஜாவர்’ என்ற பெயர் அந்தப் பாத்திரத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. ‘ஜாவர்’ சீதாராமன் என்றே கடைசிவரை அறியப்பட்டார். பாதிரியாராக வந்தவர் செருகளத்தூர் சாமா. அவர் பெயரோடு எதுவும் ஒட்டவில்லை. துரத்தியவன் பெயரைத் தமிழ் சினிமா வைத்துக்கொண்டது. கதவைத் திறந்தவர் பெயரை விட்டுவிட்டது.

அந்நியன் உள்ளே வருவதன் ஆபத்தைத் தமிழில் நேராகப் பார்த்த படம் பதினைந்து வருஷம் கழித்து வந்தது. ஸ்டூடியோப் பணத்தை நம்பாமல் ஜெயகாந்தன் எடுத்த ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965). சேரியில் மகனோடு இருக்கும் சித்தாள் தங்கத்தின் குடிசைக்குள் கிளி ஜோசியக்காரன் ஒருவன் வருகிறான். மகன் அவனை ஏற்பதில்லை. அங்கே சிநேகம் தோற்றுப்போகிறது. தோற்ற பிறகு, அவன் விட்டுப்போன குழந்தையைப் பையன் கையில் எடுக்கிறான். மீதி என்று நான் சொல்வது இதைத்தான். அப்பன்காரனோடு தீர்க்க முடியாத கணக்கு அந்தப் பிஞ்சின் பேரில் எழுதப்படுகிறது.

6

மறுபடி கொங்கு நாட்டுக்கு வருகிறேன். இதற்கு நேர் எதிரான ஒரு படத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நியாயமாக முடியாது.

2022ல் வெளியான ‘சேத்துமான்’, பெருமாள்முருகனின் ‘வறுகறி’ கதையை வைத்துத் தமிழ் என்பவர் இயக்கியது. வசனமும் பெருமாள்முருகனே எழுதினார். கூடை முடையும் பூச்சியப்பன், பெற்றோரை இழந்த பேரனைப் படிக்கவைக்கப் பாடுபடுகிற தாத்தா. அவன் வேலை செய்கிற பண்ணையக்காரன் வெள்ளையன். வெள்ளையனுக்குப் பன்றிக்கறி மேல் ஆசை. அதைச் சொந்த ஜாதிக்காரர் அறியச் சாப்பிட முடியாது. பூச்சியப்பன் இல்லாமல் காரியம் ஆகாது. இருவரும் சேர்ந்தே அலைகிறார்கள், பேசுகிறார்கள், சிரிக்கவும் செய்கிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கிற ஒருவர் சிநேகிதர்கள் என்றே சொல்லிவிடுவார்.

அவர்கள் சிநேகிதர்கள் ஆக முடியாது. காரணம் அவர்கள் அந்நியர்கள் அல்ல. ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. மூன்று கேள்விகளுக்கும் அவர்கள் பிறப்பதற்கு முன்பே பதில் எழுதியாகிவிட்டது. காசு கைமாறுகிறது, ஆனால் அதில் கிரயத்தின் கௌரவம்கூட இல்லை. கொடுப்பவன் கொடுத்ததே கூலி. வெள்ளையன் கெட்டவன் என்று படம் சொல்வதில்லை. அவனுக்குப் பூச்சியப்பன் மேல் பிரியம்கூட இருக்கிறது. மேல்ஜாதிப் பங்காளிகளின் பகைக்கு விலை கொடுக்கப் போவது யார் என்பதை அந்தப் பிரியம் மாற்றுவதில்லை.

கொங்குப் பேச்சை இவ்வளவு இயல்பாகப் பேசிய படம் குறைவு. அதே இயல்பில்தான் அதன் கொடுமையும் இருக்கிறது. ‘ஏனுங்க’ என்பதும் ‘டேய்’ என்பதும் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போகின்றன என்பதைக் காதில் வாங்கிக்கொண்டே இருந்தால் போதும். வேறு வசனம் வேண்டாம். கோவை ஸ்டூடியோக்கள் தங்கள் வாசலுக்கு வெளியே பேசப்பட்ட இந்தப் பாஷையைக் காது கொடுத்துக் கேட்காமல் ஹ்யூகோவின் பாரிசுக்குப் போய் வந்தன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாரிசுக்குப் போனதில் தப்பில்லை. அங்கே கண்ட பாதிரியாரின் கதவை இங்கே எந்த வீட்டில் பொருத்துவது என்று யோசிக்கவில்லை.

‘கே.டி.’யும் ‘சேத்துமா’னும் ஒன்றுக்கொன்று விளக்கம். இரண்டிலும் ஒரு கிழவன், ஒரு சிறுவன். ஒன்றில் தெரிந்தவர்களை விட்டு ஓட முடிந்ததால் ஒரு சிநேகம் கிடைக்கிறது. மற்றதில் ஓட இடமில்லை.

7

முன்பின் தெரியாதவர்களின் நட்பு மனித மனத்தில் எப்போதும் இருக்கிற நல்ல குணம் என்றும், அதைப் படமெடுத்தால் போதும் என்றும் நினைப்பது சோம்பேறித்தனம். அதற்கு ஒரு ஊர் வேண்டும். ரயில், ஆலை, சந்தை, பஸ் ஸ்டாண்டு, டிக்கெட் வாங்கி உட்காரும் இருட்டு என்று, ‘யாரு வூடு’ என்ற கேள்வி செல்லாத இடங்கள் வேண்டும். நாம் வியாபார உலகம் என்று ஒதுக்குகிற அந்த இடங்களில்தான் அது நடந்திருக்கிறது. கொங்கு நாட்டில் அந்த இடங்களை உண்டாக்கியதில் ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்குப் பங்கு உண்டு. அதற்கு மேல், அங்கே நடப்பது வெறும் கிரயத்தோடு நின்றுவிடாமல் மீதி விழ வேண்டும். அதற்கு எந்த ஊரும் உத்தரவாதம் தராது. இன்று ஆலைச் சங்குகள் பல ஓய்ந்துவிட்டன. திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் கோவையின் பட்டறைகளுக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இறங்குகிற இளைஞர்களிடம் நம்மவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எத்தனை நாள் வேலை செய்வே? விலை பேசியாகிறது. மீதி விழுகிறதா என்று பார்க்கிற படம் இன்னும் வர வேண்டும். அது சிறிய படமாகத்தான் இருக்கும்.

வெரைட்டி ஹால் ரோட்டில் நடக்கும்போதெல்லாம் எனக்கு டுபான்டின் ஞாபகம் வருகிறது. கோயம்புத்தூரில் சாமிக்கண்ணுவின் பெயரைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். கருவியை விற்றுப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ரயிலேறிய அந்த நோயாளி, தான் விற்றது என்ன என்று தெரிந்துகொள்ளாமலே போயிருப்பார். அவருக்கு நாம் ஒன்றும் கடன்பட்டவர்கள் அல்ல. இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்தாகிவிட்டது. இருந்தும் அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.